மில்க்வீட் சட்டி இரண்டு, நுளம்பு வலை ஒன்று

வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் தின்னும் மில்க்வீட் (பால்செடி) உங்கள் சட்டியில் இருந்தால், அதில் ஒரு கிளையை வெட்டி, தண்ணீர்ப் போத்தலில் வேர்விட வைத்து, இரண்டாவது சட்டியில் நட்டுப் பழைய நுளம்பு வலையால் மூடிவிடுங்கள். முதல் செடி மொட்டையாகும்போது புழுக்களை இலையோடு கிள்ளி இதற்கு மாற்றுங்கள். வலையை அப்புறம் அந்த மொட்டைச் செடிக்குப் போடுங்கள்.

இந்தப் புழுக்கள் கண்ட இலையையும் தின்னாது. பால்செடி தீர்ந்தால் பட்டினிதான். வலைக்குள் வண்ணத்துப்பூச்சி முட்டையிட முடியாது, அதனால் வேர் நன்றாக இருக்கும் செடி நிம்மதியாகத் துளிர்க்கும். புதுச்செடி வாங்கும் காசும் மிச்சம்.

கொழும்பில் இதைத் தேடி வருவது அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சி அல்ல, அதன் உறவான பிளெயின் டைகர். புழுவை உற்றுப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள், முதுகில் கொம்பு போல மூன்று சோடி. மொனார்க்குக்கு இரண்டு சோடிதான். எவ்வளவு அழகு!

வெயில் படாத பல்கனியில் இது சரிவராது. சாண் உயரம்கூட இல்லாத செடிக்கும் புழுக்களை மாற்றாதீர்கள். கடையில் வாங்கிய செடிக்கு மருந்து அடித்திருந்தால் புழு செத்துவிடும், கேட்டு வாங்குங்கள். வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படவே கூடாது.