பெட்டித் தேனீ பிரியப் போகிறதா, ஓடப் போகிறதா? வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளும் விதம்

தைப்பூசம் முடிந்த கையோடு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். பால் குறையும், காடு முழுக்கச் சருகு, மதிய வெயில் நேராகத் தரையில் இறங்கும். பெட்டியில் தேனீ வளர்க்கிறவர்களுக்கு வருடத்திலேயே முக்கியமான மாதங்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன, ஏனென்றால் அடுத்து வருகிற செம்பு நிறத் தளிரில்தான் நமக்கான தேன் இருக்கிறது. ரப்பர் தேன் என்றால் பூவிலிருந்து வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைக் கிட்டப் பாருங்கள், சின்னப் புடைப்பாகச் சுரப்பிகள் தெரியும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிக் கரும்பச்சை ஆனதும் சுரப்பு நின்றுவிடும். இடையில் மழை பெய்தால் அன்றைய தேன் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தக் காலத்தில் பெட்டி காலியாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். காடு மொட்டையாக நிற்கும்போது சாப்பாடு இல்லாமல், சூடு தாங்காமல், எறும்புத் தொல்லையால் மொத்தக் குடும்பமும் கூட்டை விட்டு ஓடும். தளிர் வந்து தேன் ஓடும்போது இடம் பத்தாமல் பழைய ராணி பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போகும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரு பெருங்கூட்டம் இரைச்சலோடு எழும்பிப் போவது மட்டும்தான் தெரியும். எனக்கு முதல் வருடம் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிரியப் போகிறது என்று நினைத்து தினமும் பெட்டியைத் திறந்து ராணி அறை, அதாவது புது ராணியை வளர்க்கக் கட்டும் அறை, இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன், அவையோ பட்டினி கிடந்தன, தினம் திறந்ததே அவற்றை இன்னும் சீக்கிரம் விரட்டிவிட்டது. நாலாம் நாள் அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, ஒரு புழு இல்லை, அடிப்பலகையில் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் மட்டும் நெளிந்தன. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் நம் ஊர்ச் சின்னத் தேனீக்கு, ஏப்பிஸ் செரானா என்கிற இனத்துக்கு. தமிழ்நாட்டில் இதை அடுக்குத் தேனீ, இந்தியத் தேனீ என்பார்கள். கெலுலுட் என்கிற கொசுத்தேனீ வேறு கதை, அதற்குக் கொடுக்கே கிடையாது. யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் இத்தாலியத் தேனீ. அது கஷ்ட காலத்திலும் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும், நம்முடையது மூட்டையைக் கட்டிவிடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியைத் திறக்கும் முன்னால் காலையில் பசியாறிவிட்டு வந்து வாசலுக்குப் பக்கவாட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். உள்ளே போகிற தேனீக்களின் பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா? இருந்தால் உள்ளே புழுக்கள் இருக்கின்றன, ராணி முட்டையிடுகிறாள் என்று பெரும்பாலும் நம்பலாம். வெயில் ஏறியதும் வாசலில் சில தேனீக்கள் தலையை வெளிப்பக்கம் நீட்டி இறக்கையை அடித்துக் காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ இதையே தலையை உள்பக்கம் வைத்துச் செய்யும். அடுக்கு விசிறிகள் போல வரிசையாக நின்று அவை அடிப்பதைப் பார்த்தால் பெட்டிக்கு நிழல் போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம். மகரந்தம் வருவது இரண்டு மூன்று நாளாக நின்று, வாசல் வெறிச்சோடிக் கிடந்தால் உடனே திறந்து பாருங்கள்.

திறப்பது காலை எட்டிலிருந்து பத்துக்குள். தேங்காய் மட்டை நாரில் கொஞ்சம் புகை போதும். வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும்படி, அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்தால்தான் அறையின் அடியில் நூல் துண்டுபோல நிற்கும் முட்டை கண்ணுக்குத் தெரியும். முட்டையும் இல்லை, இளம் புழுவும் இல்லை, மெழுகால் மூடிய அறைகள் மட்டும் கொஞ்சம் மிச்சம், தேன் வற்றிவிட்டது, ராணி அறை ஒன்றுகூட இல்லை என்றால் அது ஓடப் போகிற கூடு. மூடிய அறைகளிலிருந்து கடைசிக் குஞ்சுகள் வெளியே வரும்வரை பெரும்பாலும் காத்திருக்கும். மூடிய நிலை வேலைக்காரத் தேனீக்குப் பதினோரு நாள்போல, ஆக உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் பத்து நாள்.

பிரியப் போகிற கூடு எதிர்மாறாக இருக்கும். சட்டமெல்லாம் தேனீ மூடிக்கொண்டிருக்கும், புதுத் தேன் மின்னும். முதல் அடையாளம் ஆண் தேனீ அறைகள்: அடையின் கீழ்ப் பகுதியில் மூடி சின்னத் தொப்பிபோல எழும்பி, உச்சியில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். அந்தத் துளை நம் தேனீக்கே உரியது, ஒருமுறை பார்த்தால் மறக்காது. அப்புறம் அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை தொங்குவதுபோல ராணி அறைகள் வரும். அடையின் நடுவில் ஒன்றிரண்டு ராணி அறை மட்டும் இருந்தால் அது வேறு விஷயம், ராணி செத்துப்போய் அவசரத்துக்குக் கட்டியதாக இருக்கலாம். வாசலில் தேனீ தாடிபோலத் தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சூட்டுக்கும் அப்படித் தொங்கும்.

ஓடப் போகிற கூட்டுக்கு முதலில் நிழல். துத்தநாகத் தகட்டைப் பெட்டி மேல் நேராகப் போட்டு அடுப்பாக்கிவிடாதீர்கள். இடைவெளி விட்டுத் தென்னை ஓலை போடுங்கள். குஞ்சுகள் இருக்கும் இடத்தை அவை 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கும், அதற்குத் தண்ணீர் தேடி அலையும், ஆகவே ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் பெரிய உதவி. சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்து, பொழுது சாய்ந்தபின், அதாவது நம் ஊரில் ஏழரை மணிக்கு மேல், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வைத்தால், வெளியே சிந்தினால், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். தேனீ மூடாத காலி அடைகளை எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சி அங்கேதான் குடியேறும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை சுரண்டித் துடையுங்கள். பெட்டிக் காலுக்கு மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கெரெங்கா என்கிற சிவப்பு எறும்பு ஏறாது. ஆனால் மேலே தொடுகிற ஒரு கிளை இருந்தாலும் அது வழி கண்டுபிடிக்கும், கிளையை வெட்டுங்கள். இதையெல்லாம்விட எனக்குப் பலமுறை கைகொடுத்தது, வேறு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, அதிலுள்ள தேனீக்களையும் ராணியையும் பழைய பெட்டியிலேயே உதறிவிட்டு, இதில் வைப்பது. குஞ்சை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு எளிதில் மனம் வருவதில்லை.

பிரியப் போகிற கூட்டை நீங்களே பிரித்துவிடுங்கள், அதுதான் நல்லது. முதல் ராணி அறையை மூடும் சமயத்தில் பழைய ராணி கிளம்பிவிடுவாள், எனவே தளிர் காலத்தில் வாரம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய ராணியோடு குஞ்சுச் சட்டம் இரண்டு, தேன் சட்டம் ஒன்று எடுத்துப் புதுப் பெட்டியில் தள்ளி வையுங்கள். வெளியே பறந்து பழகிய தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அதனால் இன்னொரு சட்டத்து இளம் தேனீக்களையும் புதுப் பெட்டிக்குள் உதறி, சீனிப்பாகு கொடுங்கள். பழைய பெட்டியில் நன்றாக வளர்ந்த ராணி அறை ஒன்றை, பயமாக இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடுங்கள். ஆசைப்பட்டு ஐந்தாறை விட்டால் கன்னி ராணிகள் ஒவ்வொன்றாகக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு கைப்பிடித் தேனீதான் மிஞ்சும்.

பெட்டி மூடியில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். முட்டை 3 நாள், புழு 5 நாள், மூடிய நிலை 8 நாள்போல, ஆக 16 நாளில் ராணி வெளியே வருவாள். பிறகு ஒரு வாரம் பத்து நாளில் மதியத்துக்கு மேல் பறந்துபோய் ஆண் தேனீக்களோடு கூடிவிட்டுத் திரும்புவாள். அந்த நாள்களில் பெட்டியை நகர்த்தாதீர்கள், திறக்காதீர்கள். பெட்டிகள் ஒரே மாதிரி வரிசையாக நின்றால் அவள் தவறான வாசலில் இறங்கிச் சாவாள், ஒன்றுக்கு நீலம் ஒன்றுக்கு மஞ்சள் பூசிவிடுங்கள். ராணி வெளியேற முடியாத வாசல் தகடு வைத்திருக்கிறவர்கள் இப்போது அதைக் கழற்றிவிட வேண்டும், கூடாத ராணியை அடைத்து வைத்தால் கூடே போய்விடும். ராணி வெளிவந்து மூன்று வாரமாகியும் முட்டை இல்லையென்றால் வேறு பெட்டியிலிருந்து முட்டைச் சட்டம் கொடுங்கள். அதில் ராணி அறை கட்டினால் உள்ளே ராணி இல்லை என்று அர்த்தம். ஒரே அறையில் நாலைந்து முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிட்டன. நம் தேனீ இதை வெகு சீக்கிரம் செய்யும். அப்படிப்பட்ட கூட்டுக்குப் புது ராணி கொடுத்துப் போராடுவதைவிட நடுவில் செய்தித்தாள் வைத்து இன்னொரு கூட்டோடு சேர்ப்பதே மேல்.

உங்களை மீறிப் பிரிந்து போய் ரம்புத்தான் கிளையில் கொத்தாகத் தொங்கினால் பதற வேண்டாம். வேவு பார்க்கும் தேனீக்கள் புது வீடு தேடிவிட்டு வரும்வரை அங்கேதான் இருக்கும், சில மணி நேரமோ ஒரு நாளோ. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருப்பதால் அவ்வளவாகக் கொட்டாது. தண்ணீர் லேசாகத் தெளித்து, கீழே கூடையைப் பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்குங்கள். ராணி உள்ளே விழுந்துவிட்டால் மற்றவை வயிற்றைத் தூக்கி இறக்கையடித்து வாசனை பரப்பி ஒன்றையொன்று கூப்பிடும், மீதியெல்லாம் தானாக வரும். இருட்டியதும் குஞ்சுச் சட்டம் ஒன்று வைத்த பெட்டிக்கு மாற்றுங்கள். பெரிய மரத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயிடம் இந்த வேலை ஆகாது, கிட்டவே போகாதீர்கள். யாராக இருந்தாலும் கொட்டியபின் முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருந்தால் மகரந்தம் கிடைக்கும், தேன் கிடைக்காது. அங்கே பூச்சி மருந்து அடிக்கும் நாளைத் தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இருட்டியபின் வாசலைக் கம்பி வலையால் அடைத்து நிழலில் தண்ணீரோடு வையுங்கள், அரை நாளுக்கு மேல் வேண்டாம். தேன் எடுக்கும்போது முக்கால்வாசி மூடிய அடையை மட்டும் எடுங்கள், ரப்பர் தேனில் ஏற்கெனவே நீர்ப்பதம் அதிகம், மூடாததை எடுத்தால் புளிக்கும். குஞ்சு அறைத் தேனைத் தொடாதீர்கள். சித்திரை பிறந்து இலை கறுத்தபின் அவற்றுக்கு இருப்பது அது மட்டும்தான்.