வீட்டு ஒலிப்பதிவுக்கு முதல் மைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் மைக் வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையிலிருந்தோ, யாரோ ஒரு பாடகர் பயன்படுத்தும் மாடலிலிருந்தோ தேடலைத் தொடங்குகிறார்கள். எந்த அறையில் பதிவு செய்யப் போகிறீர்களோ அந்த அறையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கதை வாசிப்பு, பாட்டு, வீட்டில் வாசிக்கும் ஒரு வாத்தியம் ஆகியவற்றைப் பதிவு செய்ய விரும்பும் புதியவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: அறையைக் கேளுங்கள்

நீங்கள் பதிவு செய்யப் போகும் அதே நேரத்தில் கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியை இயக்கி, அதை மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு ஒருமுறை பலமாகக் கைதட்டிவிட்டு, ஒரு பத்தியை வாசியுங்கள். ஹெட்போனில் கேட்டால், காது பழகிப்போய் விட்டுவிட்ட சத்தங்களெல்லாம் வெளியே வரும்: மின்விசிறி, ஃப்ரிட்ஜின் ரீங்காரம், தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டு குக்கர் விசில். கைதட்டலுக்குப் பின் ஒரு வால் நீண்டு கேட்டால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கின்றன என்று பொருள். கைப்பேசி ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் என்பதால் இதைத் துல்லியமான அளவீடாகக் கொள்ள முடியாது. ஆனால் எதிரி யார் என்பதைக் காட்டிக்கொடுக்க இது போதும்.

படி 2: டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்கில், ஒலி பட்டு அசையும் தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் நகர்ந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. கண்டென்சரிலோ மெல்லிய படலம் ஒன்று, அதன் பின்னாலுள்ள தகட்டிலிருந்து விலகியும் நெருங்கியும் அதிர்கிறது. படலம் மிக இலேசானது என்பதால் கண்டென்சர் நுணுக்கமான உயர் ஒலிகளை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு மின்னூட்டம் தேவை. ஸ்டுடியோ மைக்குகளுக்கு இது வழக்கமாக 48 வோல்ட் பாண்டம் பவராகக் கேபிள் வழியே வருகிறது.

கண்டென்சர் அறைச் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமிக் இழுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பேசுவதும், கண்டென்சரைத் தள்ளி வைத்துப் பாடுவதும் வழக்கமாக இருப்பதால்தான் வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் உயரும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எனவே எந்த மைக்காக இருந்தாலும் நெருங்கிப் பாடுவதே முதல் சிகிச்சை.

ஆகவே சத்தமுள்ள அறையில் பேச்சையோ பாட்டையோ பதிவு செய்பவர், 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாங்கி, நான்கு விரற்கடை தூரத்தில் பயன்படுத்தலாம். திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி என்று எதிரொலியை அடக்கிய அமைதியான அறை இருந்தால், ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 போன்ற கண்டென்சர் நல்ல தொடக்கம். வீணை போன்ற வாத்தியத்துக்கு மைக்கைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டியிருப்பதால் கண்டென்சரே பொருந்தும். அதற்கு அறை ஒத்துழைத்தாக வேண்டும்.

படி 3: யூஎஸ்பியா, எக்ஸ்எல்ஆரா?

ஒருவர் மட்டும் கணினியில் பேசப்போகிறார் என்றால் யூஎஸ்பி மைக் போதும். பின்னாளில் குரலோடு மிருதங்கத்தையும் சேர்த்துப் பதியும் எண்ணம் இருந்தால் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி) கேபிளில் இணையும் மைக்கும், அதைக் கணினியோடு சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் வாங்குங்கள். இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் ஒருசேர இயக்குவது தலைவலி. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது மைக் இணைப்புகளை எண்ணிப் பாருங்கள்: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் ஒரு மைக்குக்குத்தான் இடம், 2ஐ2-வில் இரண்டு மைக்குகளை இணைக்கலாம்.

படி 4: இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்

விவரத்தாளில் புதியவருக்குப் பயன்படும் எண்கள் இரண்டே. முதலாவது, கண்டென்சர் மைக் தானே எழுப்பும் இரைச்சல்: ஏடி2020-இல் இது 20 டெசிபல், ரோட் என்டி1-ஏ மைக்கில் 5 டெசிபல். நெருங்கிப் பேசுபவருக்கு 20 ஒரு குறையே அல்ல. மெல்லிய தம்புரா நாதத்தைப் பதிபவருக்கு அந்த வேறுபாடு காதில் விழும். இரண்டாவது, உணர்திறன், அதாவது ஒரே அளவு ஒலிக்கு மைக் எவ்வளவு வலுவான சமிக்ஞை தருகிறது என்பது. பாட்காஸ்ட் படங்களில் அடிக்கடி தென்படும் ஷூர் எஸ்எம்7பி மிக மெலிந்த சமிக்ஞையையே தருவதால், அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) தேவைப்படுகிறது. விலை மலிந்த பல இன்டர்ஃபேஸ்கள் அந்த அளவில் முக்கி முனகும் என்பதால், முதல் மைக்காக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: பணத்தைப் பிரித்து ஒதுக்குங்கள்

ஸ்டாண்ட், வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை மூடும் ஹெட்போன் ஆகிய நான்கும் கட்டாயம். இவற்றுக்கு ஒதுக்கியது போக மீதியே மைக்குக்கானது. எஸ்எம்58-க்குப் போலிகள் ஏராளம்; சந்தேகப்படும்படி விலை குறைந்தால் விலகி, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

படி 6: வந்தவுடன் சோதியுங்கள்

எஸ்எம்58-இன் முனையை நோக்கிப் பாட வேண்டும். ஏடி2020-ஐ ஐஸ்க்ரீம் குச்சியைப் போல வாய்க்கு நேராக நீட்டக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, சின்னம் பொறித்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். இரண்டுமே முன்புறத்தைக் கூர்ந்தும் பின்புறத்தை மிகக் குறைவாகவும் கேட்கும் கார்டியாய்டு வகை என்பதால், சன்னலோ சத்தமோ மைக்கின் முதுகுப்பக்கம் இருக்குமாறு திருப்பிக்கொள்ளுங்கள். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடிக்கொண்டே, பதிவுச் செயலியின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்வரை கெய்னைச் சரிசெய்யுங்கள். பின் 1-ஆம் படியில் கைப்பேசிக்கு வாசித்த அதே பத்தியை வாசித்து, இரண்டு பதிவுகளையும் ஒரே ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். புதிய பதிவிலும் அறையே முன்னால் நின்றால், மைக்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதன் பின்னாலும் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, இன்னும் சற்று நெருங்கி நின்று மறுபடி பதிவு செய்யுங்கள்.