சரிவு நிலத்தில் வீடு: தண்ணீருக்கு முதலில் வழி விடுங்கள்

தேன்கனிக்கோட்டைக்கு அருகே சரிவு நிலத்தில் வீடு கட்டிக் குடியேறி இரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டதால், அதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்கால், அதன் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் ஆகியவற்றை எந்த மேஸ்திரியும் அறிவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: உங்கள் கிராமம், மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய டியூப்பைக் கொண்டு பத்தடிக்கு ஒருமுறை மட்டம் குறியுங்கள். கைப்பேசிச் செயலிகளைவிட இந்த டியூப்பையே நான் நம்புகிறேன்.

படி 2: நிலத்தை ஒரே மட்டமாக வெட்டாதீர்கள். கூடம் மேலே, சமையலறை மூன்று படி கீழே என்று சரிவின் போக்கிலேயே தரையை அமைத்தால், வெட்டும் மண்ணும் கொட்டும் மண்ணும் குறையும்.

படி 3: நான் தவறியது இங்கேதான். மேட்டுப் பக்கத்துத் தாங்குசுவரைக் கருங்கல்லும் சிமெண்டும் வைத்து இடைவெளியின்றிக் கட்டினோம். ஐப்பசி மழையில் பின்புற மண் நீரில் ஊறிக் கனத்ததும் சுவரின் நடுப்பகுதி நான்கு விரற்கடை வெளியே தள்ளியது. பிரித்துக் கட்டியபோது சுவரை மேட்டுப் பக்கமாகச் சற்றே சாய்த்து, அதன் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று இன்ச் பிவிசி குழாயை வெளிப்புறம் தாழ்ந்திருக்குமாறு பதித்தோம். அடுத்த மழையில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் செந்நிறத் தண்ணீர் விரல் தடிமனுக்கு ஒழுகியதைக் குடை பிடித்து நின்று பார்த்தேன். சுவர் ஐந்தடிக்கு மேல் உயருமானால் கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்காமல் தொடங்கவே கூடாது.

படி 4: கிருஷ்ணகிரி மாவட்டக் குவாரிகளில் மிஞ்சும் கிரானைட் ஓரக்கற்களை வாங்கிக் கீழ்ச்சுவர்களுக்குப் பயன்படுத்துங்கள்; துளையிட்ட தடம் தெரியும் பக்கத்தைப் பூசி மறைக்க வேண்டாம். மேல்சுவருக்குச் செம்மண்ணில் 5 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கற்கள் போதும். மண் இதற்கு ஏற்றதா என்று அறிய, கண்ணாடிப் புட்டியில் பாதி மண்ணும் மீதி தண்ணீருமாகக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், அடியில் மணலும் மேலே களியும் தனித்தனியாகப் படியும். மணல் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். அழுத்திய மண்கற்களை மூன்று வாரம் நனைப்பதில் அவசரப்படாதீர்கள்.

பின்சேர்க்கை: குழாய்கள் மண்ணால் அடைத்துக்கொள்வதாக அஞ்செட்டி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும் என்பதை நான் குறிப்பிடத் தவறிவிட்டேன். ஏற்கெனவே கட்டியவர்கள், ஆடி பிறக்கும் முன் ஒவ்வொரு குழாயிலும் நீளக் கம்பியை விட்டுக் குத்தி, வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துக்கொள்ளலாம்.