செண்பகத்தோப்பில் பறவை பார்க்க: முதன்முறை செல்பவர்களுக்கான திட்டமிடல்

மதுரையில் பறவை பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கண்மாய்க்கரையில்தான் பழகுகிறார்கள். சாமநத்தத்திலோ வண்டியூரிலோ கொக்கும் நாரையும் திறந்த வெளியில் நிற்பதால், எட்டு மணிக்கு எழுந்து போனாலும் ஏமாற்றம் இருக்காது. காட்டில் பறவைகள் இலை மறைவில் இருக்கும். வெயில் ஏறியதும் பெரும்பாலானவை அடங்கிவிடும். ஆகவே விடிந்த பின் கிடைக்கும் முதல் இரண்டரை மணி நேரத்தை மனத்தில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள செண்பகத்தோப்பை எடுத்துக்கொள்வோம். இது 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. அச்சரணாலயம் 2021-இல் மேகமலையுடன் இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வலசைப் பறவைகள் ஐப்பசி முதல் பங்குனி வரை இங்கே இருக்கும் என்றாலும், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை ஓடைகளைப் பெருக்கிவிடுவதால், மார்கழிப் பின்பாதியும் தை மாதமுமே தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. பிப்ரவரி நடுவில் காடு காயத் தொடங்கியபின் தீ அபாயத்தை முன்னிட்டு நுழைவு தடைபடக்கூடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள். இதே காட்டுக்குள் உள்ள காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள் கூட்டத்தில் பறவைக் குரல் காதில் விழாது.

படி 2: அனுமதி

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சோதனைச் சாவடியில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் புறப்படாமல், சில வாரங்களுக்கு முன்பே வனத்துறை அலுவலகத்தை அணுகி, எந்தப் பகுதி வரை, எத்தனை மணி முதல் செல்லலாம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விடியலில் உள்ளே விடுவார்களா என்பதே இங்கே முக்கியமான கேள்வி. அரசின் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியுடன் நடக்கும் வசதி உண்டு; ஆனால் மலையேறும் குழுவின் வேகமும் பறவை பார்ப்பவரின் வேகமும் ஒத்துப்போவதில்லை.

படி 3: முதல் நாள் இரவே ஸ்ரீவில்லிபுத்தூர்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகே உதிக்கும் என்றாலும், அன்று காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டால் நல்ல நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். மாலைப் பேருந்திலோ செங்கோட்டை ரயிலிலோ வந்து ஊரில் தங்குங்கள். அடிவாரம் வரை செல்ல ஆட்டோவை இரவே பேசி வையுங்கள். திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

படி 4: சிறிய பட்டியல், பழகிய காது

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் விருதுநகர் மாவட்டத்தைத் தேடினால், எந்த வாரத்தில் எந்தப் பறவை பதிவாகிறது என்பதைக் காட்டும் பட்டை வரைபடம் கிடைக்கும். அதிலிருந்து பதினைந்து பறவைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். கருந்தலை மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், துடுப்புவால் கரிச்சான், சோலைப்பாடி, குக்குறுவான், காட்டுக்கோழி, ஆறுமணிக்குருவி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். படங்களை மனப்பாடம் செய்வதைவிடக் குரல்களை இரண்டு வாரம் கேட்டுப் பழகுவது பலன் தரும். காட்டில் பறவை முதலில் காதுக்குத்தான் வரும். ஒத்திகைக்கு அழகர்கோவில் அடிவாரம் போதும்.

படி 5: கருவிகள்

8x42 இருநோக்கி (பைனாகுலர்) வாங்குங்கள். எட்டு என்பது உருப்பெருக்கம்; நாற்பத்திரண்டு என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு பெருக்கும் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். மங்கிய பச்சை அல்லது காக்கி உடை, முழுக்கைச் சட்டை, உண்ணி ஏறாதபடி காலுறைக்குள் செருகிய கால்சட்டை, தண்ணீர், சிறு குறிப்பேடு ஆகியவை போதும். பெரிய லென்ஸ் கேமராவை முதல் பயணத்தில் வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து, ஏனெனில் படம் பிடிக்கும் முயற்சியில் பறவையின் நடத்தையைக் கவனிக்கத் தவறிவிடுவோம்.

படி 6: காட்டோரத்தில்

உள்ளே விரைந்து செல்ல வேண்டிய அவசியமில்லை. அடிவாரத்துத் தோப்புகளும் காடும் சந்திக்கும் விளிம்பில் இரண்டு வகைப் பறவைகளும் வருவதால், அங்கேயே அரை மணி நேரம் நில்லுங்கள். மரக்கிளைகள் ஒன்றோடொன்று கோக்கும் உயரத்தில் இலைகளால் கட்டிய பெரிய கூடு தெரிந்தால் அது சாம்பல் நிற அணிலுடையதாக இருக்கலாம்.

பிறகு மெதுவாக நடந்து, ஓடையோர நிழலில் மறுபடியும் நில்லுங்கள். பத்து நிமிடம் ஒன்றுமே இராது. திடீரென்று கரிச்சான் குரல் கேட்கும். அதன் பின்னால் மின்சிட்டுகளும் ஈப்பிடிப்பான்களும் மரத்துக்கு மரம் தாவி வரும். ஒரு பறவை கிளையை அசைக்கும்போது பறக்கும் பூச்சியை இன்னொன்று பிடித்துக்கொள்வதால், இவை இப்படிக் கூட்டாக இரை தேடுகின்றன. இந்தக் கூட்டம் கடந்து செல்லும் சில நிமிடங்களில் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கருவிக்குள் பார்த்தபடி தேடினால் இலைகள் மட்டுமே தெரியும்.

தரையையும் கவனியுங்கள். சருகில் பலத்த சலசலப்பு என்றால் பெரும்பாலும் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஒற்றையாக, விட்டுவிட்டுக் கேட்டால் ஆறுமணிக்குருவியாக இருக்கலாம்: குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியபடி இரண்டு தத்து தத்தி நின்று, அலகால் சருகைப் புரட்டி, மீண்டும் தத்தும். அலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு எதையும் வரவழைக்காதீர்கள். தன் எல்லையில் போட்டி வந்ததென்று அது இரைதேடலை விட்டுவிட்டு அலையும்.

ஈரம் உலராத யானை லத்தியோ புதிதாக முறித்த கிளையோ கண்ணில் பட்டால், எந்தப் பறவை கூப்பிட்டாலும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

படி 7: பதிவு

ஒன்பதரை மணிக்குள் வெளியே வந்து, தேநீர்க் கடையில் உட்கார்ந்தே பட்டியலை ஈபேர்ட் செயலியில் முடித்துவிடுங்கள். தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவை இருந்தால்தான் பதிவு ஆய்வுக்குப் பயன்படும். அடையாளம் உறுதியாகாததை ‘கதிர்க்குருவி வகை’ என்று பொதுப்பெயரில் இட அதிலேயே வழியுண்டு. தொடக்கத்தில் அந்த வரிசை நீளமாகத்தான் இருக்கும்.