பனங்கிழங்கு: கொட்டை போடுவது முதல் வேகவைப்பது வரை

டெல்டா என்றால் நெல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மார்கழி கடைசியில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். சாலையோரம் சாக்கு விரித்துக் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு அடுக்கியிருப்பார்கள். சம்பா அப்போதுதான் வயலில் பழுத்துக்கொண்டிருக்கும். கையில் காசு இருக்காது, பொங்கலோ பத்து நாளில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் பல வருஷம் பொங்கலுக்குப் புதுப்பானை வந்தது கிழங்குக் காசில்தான்.

இதற்கு விதை வாங்க வேண்டாம், உரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஆனால் தெற்கே மணல் காட்டில் கிழங்கு போடுகிறவர்கள் சொல்லும் முறையை அப்படியே இங்கே செய்தால் கொட்டை அழுகிவிடும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டியாக வேண்டும். டெல்டாவில் கிழங்கு போடுவதில் முக்கால்வாசி வேலை தண்ணீரை வடிப்பதுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. கொட்டை சேர்ப்பது (ஆடி முதல் புரட்டாசி வரை)

நுங்காக வெட்டாமல் விட்ட காய்கள் பழுத்து, ஆடியில் தொப்பென்று விழத் தொடங்கும். வாய்க்கால் கரை, குளத்துக்கரை, ஐயனார் கோயில் திடல் என்று எங்கே பனை நின்றாலும் காலையில் ஒரு சாக்கோடு போனால் போதும். மரம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலதில் ஒன்றோ இரண்டோதான். பழத்தைப் பிய்த்தால் மஞ்சள் சதை நாரோடு கையில் ஒட்டிக்கொண்டு வரும். சதையை மாட்டுக்குப் போடலாம், ஆசையாகத் தின்னும். பிய்க்கச் சிரமமாக இருந்தால் பழங்களை ஒரு வாரம் நிழலில் குவித்து வையுங்கள். சதை இளகிக் கொட்டை தானே கழன்றுவிடும். வாசம் தூக்கும், வண்டு மொய்க்கும், ஆகவே வீட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

கையில் எடுத்தால் கனமாக இருக்கும் கொட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துக் கொட்டை, வெயிலில் கிடந்து காய்ந்து இலேசான கொட்டை இரண்டும் அடுப்புக்குத்தான் ஆகும்.

2. இடம் பார்ப்பது

நான் முதன்முதலாகக் கிழங்கு போட்டது கொல்லைக் கடைசியில், மண் இளக்கமாக இருந்த ஒரு தாழ்வான மூலையில். மண்ணைப் பார்த்தேன், மட்டத்தைப் பார்க்கவில்லை. கார்த்திகையில் அடைமழை பிடித்து மூன்று நாள் அங்கே தண்ணீர் நின்றது. மார்கழியில் தோண்டியபோது முளையெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. இருநூறு கொட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை. அப்பாயி (அப்பாவின் அம்மா) வந்து பார்த்துவிட்டு, “மழ பேயறப்ப வந்து பாத்திருக்கணும் தம்பி, வெயில்ல பாத்தா எல்லா எடமும் மேடாத்தான் தெரியும்” என்றது.

இப்போதும் அதைத்தான் செய்கிறேன். ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்ததும் குடையோடு கொல்லையைச் சுற்றி வருவேன். எங்கே தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் பாத்திக்கு இடம். வயலுக்கு நடுவே திடல் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

3. பாத்தி போடுவது

கிழங்கு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாத்தியின் உயரம் தானே விளங்கும். கொட்டையிலிருந்து வரும் முளை மேலே வராது, நேராக மண்ணுக்குள் இறங்கும். ஓர் அடி, ஒன்றரை அடி இறங்கி, கொட்டைக்குள் இருக்கும் சத்தை இழுத்து மாவாகச் சேர்த்துக்கொள்ளும். பனங்கன்று முதல் ஓலை விடுவதற்காகச் சேர்த்து வைக்கும் சாப்பாடு அது. அதைத்தான் நாம் கிழங்கு என்கிறோம். இறங்கும் வழியில் மண் கெட்டியாக இருந்தால் கிழங்கு வளைந்து குட்டையாகிவிடும்.

ஆகவே 2 அடி உயரத்துக்கு இளகிய மண் வேண்டும். 10 அடி நீளம், 3 அடி அகலம் போதும். அதில் ஒரே அடுக்காக ஏறக்குறைய 300 கொட்டை உட்காரும். நம் வயல் களிமண்ணை அப்படியே போடக்கூடாது, காய்ந்தால் கல்லாகிவிடும். மணல்சாரியான கொல்லை மண்ணோடு நன்றாக மக்கிய குப்பையும் கொஞ்சம் உமியும் கலந்து, கட்டிகளை உடைத்துக் குவியுங்கள். காலால் மிதிக்காதீர்கள். வரப்பு மாதிரி தட்டிக் கெட்டிப்படுத்தவும் வேண்டாம்.

பாத்தியைச் சுற்றி ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் எடுத்து, அதைத் தாழ்வான பக்கம் வெட்டி விடுங்கள். வடிகால் இல்லாத பாத்தி மழைக்காலத்தில் குட்டையாகிவிடும்.

4. கொட்டை அடுக்குவது

ஆவணிக் கடைசிக்குள் போட்டால் பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். நான்கு மாதக் கணக்கு. புரட்டாசியில் போட்டால் தை பிற்பகுதிக்குத் தள்ளிப்போகும், தப்பில்லை.

முளை வரும் கண் பக்கம் கீழே இருக்கும்படி கொட்டைகளை நெருக்கமாக அடுக்குங்கள். படுத்துக் கிடந்தாலும் கவலை இல்லை, முளை தானே கீழே திரும்பிக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு போடுகிறவர்களும் உண்டு. புதிதாகச் செய்கிறவர்கள் ஒரே அடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது, பிடுங்கும்போது ஒடியாது. மேலே நான்கு விரல் உயரத்துக்கு மண் தூவி, அதன்மேல் பனையோலையோ வைக்கோலோ பரப்பிக் கருவேல முள் வெட்டிப் போடுங்கள். பெருச்சாளியும் நாயும் மண்ணைக் கிளறாமல் இருக்க முள்தான் காவல்.

5. காத்திருப்பது

புரட்டாசி வெயில் காய்ந்தால் வாரம் ஒரு முறை தண்ணீர் தெளிக்கலாம். ஐப்பசி பிறந்த பிறகு தெளிக்கவே வேண்டாம். மழை விட்டதும் வடிகாலில் இலை தழை அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். மழையில் மண் கரைந்து கொட்டை வெளியே தெரிந்தால் மேலே ஒரு கூடை மண் போடுங்கள். அவ்வளவுதான்.

6. பிடுங்குவது

மார்கழி பிறந்ததும் பாத்தி ஓரத்தில் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். கட்டைவிரலைவிடத் தடித்து, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் சரி. மெலிந்து நீர்த்துப்போய் இருந்தால் பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். பச்சை ஓலை மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டால் நாள் தாண்டிவிட்டது. மாவெல்லாம் ஓலைக்குப் போய்விடும், கிழங்கில் நார்தான் மிஞ்சும்.

முள்ளங்கி மாதிரி மேலிருந்து இழுக்கக்கூடாது, ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். பாத்தியின் ஒரு தலைப்பில் 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் மண்ணைக் கையால் சரித்துக்கொண்டே போனால் கிழங்குகள் வரிசையாகத் தொங்குவது தெரியும். பழுப்புத் தோல் போர்த்தி, நுனி கூராக, மேலே கொட்டையைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு. அடியில் கைகொடுத்து ஈரமண்ணோடு எடுக்கும்போது வரும் வாசத்துக்காகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

கிழங்கை ஒடித்துத் தனியே போட்டுவிட்டுக் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். அரிவாளால் இரண்டாக வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற தவின் இருக்கும். சில ஊரில் பூரான் என்பார்கள். இலேசான இனிப்பு. ஓடு காய்ந்தால் நன்றாக எரியும்.

விற்பதானால் மண்ணைத் தட்டி, சல்லிவேரைக் கிள்ளி, எங்கள் பக்கம் 25 கிழங்கை ஒரு கட்டாகப் பனை நாரால் கட்டுவோம்.

7. வேகவைப்பது

மேல்தோலை உரித்துக் கழுவி, அடிப்பக்கத்தையும் நுனியையும் நறுக்கிவிடுங்கள். பானையில் நெட்டுக்குத்தாக அடுக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கல் உப்பும் மஞ்சள் தூளும் போட்டு மூடுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும். நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். குக்கரானால் பாதியாக நறுக்கி வையுங்கள், சீக்கிரம் வெந்துவிடும். பச்சையாக மட்டும் தின்ன வேண்டாம்.

வெந்த கிழங்கை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் ஈர்க்குச்சி போல ஒரு குருத்து இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். துண்டு துண்டாக ஒடிக்க ஒடிக்க நார் பிரிந்து வரும். அப்பாயி பூண்டு, மிளகு, உப்பு வைத்து உரலில் இடித்து உருண்டை பிடிக்கும். மிஞ்சியதைச் சிறு துண்டாக நறுக்கி வெயிலில் சுக்காகக் காயவைத்து அரைத்தால் மாவு பல மாதம் கெடாது. தோசை மாவோடு கலந்து ஊற்றலாம்.

8. கரைக்கு இருபது கொட்டை

இது கிழங்குக்கான வேலை இல்லை, ஆனாலும் செய்யுங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறிய இரவில் எங்கள் கொல்லைத் தென்னைகள் அடியோடு சாய்ந்தன. விடிந்து பார்த்தபோது வாய்க்கால் கரையில் பனைகள் நின்றன. அவற்றை யார் வைத்தார்கள் என்று அப்பாயிக்கும் தெரியாது.

ஆவணியில் பாத்திக்குக் கொட்டை எடுக்கும்போதே இருபதைத் தனியே வைத்துவிடுங்கள். கிழங்கு இறங்கிய கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது கடினம், அதனால் கொட்டையாகவே கரையில் போடுவதுதான் சரி. 10 அடிக்கு ஒன்றாக, அரையடிக் குழியில் போட்டு மூடுங்கள். பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது, பெண் பனைதான் காய்க்கும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். முதல் இரண்டு வருஷம் ஆடு கடிக்காமல் முள் வைத்துப் பாருங்கள், அதற்கப்புறம் அதுவாக வளர்ந்துகொள்ளும்.