இரண்டாவது தட்டு குக்கீ மட்டும் ஏன் பரவியது?

மைதா 200 கிராம், வெண்ணெய் 115, சர்க்கரை 100, ஒரு முட்டை, சமையல் சோடா கால் டீஸ்பூன். முதல் தட்டு அருமை. அதே மாவில் இரண்டாவது தட்டு அப்பளமாகப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் இதே கதை.

சோடாவைக் குறைத்தேன், பலனில்லை. மைதாவை 30 கிராம் கூட்டியதும் பரவல் குறைந்தது. ஆனால் வாயில் மாவு மாவாக உதிர்ந்தது. ஓவன் சூடும் சரியாக 180 டிகிரிதான்.

கோளாறு தட்டில். முதல் ஈடு எடுத்த சூட்டோடு அதே தட்டில் உருண்டைகளை வைத்திருக்கிறேன். ஓவனுக்குள் போகும் முன்பே அடிப்பக்க வெண்ணெய் உருகிவிடுகிறது. ஓரம் இறுகுவதற்குள் மாவு ஓடிவிடுகிறது. இப்போது இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி, கை வைத்தால் சில்லென்று இருக்கும்போதுதான் அடுக்குகிறேன். காத்திருக்கும் மாவு ஃப்ரிட்ஜில். ஓவனில் 11 நிமிடம். அப்பாடா, இரண்டு ஈடும் ஒரே உயரம்!