“இன்னும் அஞ்சு முட்டை தானுங்க்கா”: அடை வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி தன் அடைக்கோழியைப் பார்க்கக் கூப்பிட்டான். கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டுப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டப் போனாலே கொத்த வந்தது. நல்ல அடை. கையை அடியில் விட்டு எண்ணினேன், 17 முட்டை.

“பன்னெண்டு வெச்சதாத்தான சொன்னே?”

“அப்புறம் இன்னும் அஞ்சு கெடச்சுதுங்க்கா. சேத்தி வெச்சுட்டேன்.”

எரிச்சல் அவன் மேல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். சேவல் சேராத முட்டை பொரிக்காது, பொரிக்க 21 நாள் ஆகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அடை வைத்த பிறகு முட்டை சேர்ப்பது

கோழி முட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை. அடியில் எது கிடந்தாலும் அணைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் 21 நாள் கணக்கு, அதற்குச் சூடு கிடைக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடுகிறது. முதலில் வைத்தவை பொரித்துக் கீச்கீச் என்று சத்தம் கேட்டதும், ஒன்றிரண்டு நாளில் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். ஐந்து நாள் கழித்துச் சேர்த்த முட்டைக்கு அப்போது 17, 18 நாள்தான் ஆகியிருக்கும்.

என் கறுப்புக் கோழிக்கு நான் வைத்தது 11. அது தீனிக்கு இறங்கும்போதெல்லாம் வேறொரு கோழி கூடைக்குள் ஏறி முட்டையிட்டுவிட்டுப் போனது. லாபம்தானே என்று விட்டுவிட்டேன். பொரித்தது 8. மறுநாள் காலையில் தாய் குஞ்சுகளோடு குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்தது. கூடையில் 7 முட்டை ஜில்லென்று கிடந்தன. உமியைக் கொட்டி, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு என்னென்னவோ செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒன்றை உடைத்தேன். அலகு இருந்தது, நகம் இருந்தது, ஈர மயிர் உடம்போடு ஒட்டியிருந்தது, மஞ்சள் கரு மட்டும் இன்னும் வயிற்றுக்குள் போகவில்லை. மற்ற ஆறையும் உடைக்கவில்லை, தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டேன்.

நஷ்டம் பிந்திச் சேர்ந்த முட்டைகளோடு நிற்பதில்லை. நாட்டுக்கோழி ஒன்று ஒழுங்காக மூடுவது 10, 12 முட்டையைத்தான். கூடினால் ஓரத்து முட்டை வெளியே நிற்கும். கோழியோ நாளுக்குப் பல தடவை முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றுகிறது. அதனால் முறை வைத்து எல்லா முட்டையும் ஓரத்துக்கு வந்து குளிரும். 11-இல் 8-தான் பொரித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. இடிக்குப் பயந்து கூடையில் இரும்புத் துண்டு, மிளகாய் வத்தல், கரித்துண்டு போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரும்பும் மிளகாயும் இடியை என்ன செய்யுமோ, அந்தக் கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு முட்டையையும் சுற்றிக் கோடு போடுங்கள். தினமும் கோழி தீனிக்கு இறங்கும் கால் மணி நேரத்தில் கூடையைப் பாருங்கள். கோடு இல்லாதது அன்றைக்கு இட்ட முட்டை. அது அடுப்பங்கரைக்குப் போகட்டும். மற்ற கோழிகள் ஏறாதபடி அடைக்கோழியைத் தனி அறையில் வைத்தாலோ, பஞ்சாரத்தால் மூடி நாளுக்கு ஒருமுறை திறந்துவிட்டாலோ இன்னும் நல்லது.

முட்டை நிறைய இருக்கிறதா? இரண்டு கோழிக்கு ஒரே ராத்திரியில் வையுங்கள். பொரித்த குஞ்சுகளை இருட்டில் ஒரே தாயின் அடியில் சேர்த்துவிட்டால் இன்னொன்று சீக்கிரம் முட்டைக்கு வரும்.

பழைய முட்டை

ஒரு வாரத்துக்கு மேல் போன முட்டையை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். பங்குனி, சித்திரை வெயிலில் முட்டை சும்மா இருந்தாலே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். அந்த மாதங்களில் நான்கைந்து நாள்தான் என் கணக்கு. வீட்டில் குளிர்ந்த மூலையில், மணல் பரப்பிய மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன்.

பகலில் இடம் மாற்றுவது

அடைக்கோழியை ராத்திரியில் மாற்றுங்கள்.

வெளிச்சத்தில் பார்க்காமல் விடுவது

7ஆம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை விரல்களால் மூடி, நடுவில் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். கூமுட்டை ஒன்று கூடைக்குள் வெடித்தால் அந்த நாற்றத்தோடு கிருமியும் மற்ற முட்டைகளுக்குப் போகும். அதற்காக தினமும் டார்ச் அடிக்க வேண்டியதில்லை.

ஓட்டை உரித்து உதவுவது

ஓட்டில் ஓட்டை விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் மீதி ரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகின்றன. பாவம் பார்த்து உரித்தால் ரத்தம் கசியும். நான் ஒருமுறை உரித்தேன், அந்தக் குஞ்சு சாயங்காலம் வரை இருந்தது.

மூக்கில் இறகு செருகுவது

வேண்டாம். முட்டை வைக்கப் போவதில்லை என்றால் கோழிக்கு அடை தெளிய, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள், போதும்.

பொரித்த பிறகு கவனக்குறைவு

ஆழமான தட்டில் தண்ணீர் வைத்துக் குஞ்சை மூழ்கடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரட்டையில் நாலு கூழாங்கல்லைப் போட்டு வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய் வராமலிருக்க 7ஆம் நாள் லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவராவிட்டால் விடுவதும் ஒன்று, விடாததும் ஒன்று. அடைக் கூடையில் செல்லுப் பூச்சி பிடித்திருந்தால் வைக்கோலை எரித்துவிட்டுக் கூடையை நல்ல வெயிலில் போடுங்கள்.

அன்று ராத்திரி தம்பியின் கூடையை டார்ச்சில் பார்த்தோம். 12-இல் நரம்பு நன்றாகப் பரவியிருந்தது. ஐந்தில் நூல் போலக்கூட இல்லை. எடுக்கச் சொன்னேன். மனசில்லாமல் எடுத்தான். மிச்சத்தைச் சுற்றி நானே கரியால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுப் போனபோது எண்ணினேன், 13. ஒன்றில் கோடு இல்லை.